‘அடக்கி வாசித்திருக்கிறார்’ என்று எழுதினால் போதுமா?

தமிழில் சினிமா விமர்சனம் படிக்கிறவர்களுக்கு அந்தப் பத்தி மனப்பாடம். கதைச் சுருக்கம் முடிந்ததும், ஒளிப்பதிவுக்கும் இசைக்கும் முன்னால், நடிகர்களுக்கென்று நாலு வரி வரும். நாயகன் பின்னியிருக்கிறார், அம்மாவாக வருபவர் கச்சிதம், வில்லன் மிரட்டியிருக்கிறார். படம் கொஞ்சம் மெதுவாகப் போகிற படம், நாலு திரைப்பட விழாவுக்குப் போய்வந்த படம் என்றால் வார்த்தை மட்டும் மாறும்: வாழ்ந்திருக்கிறார், அடக்கி வாசித்திருக்கிறார். அதோடு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். எதை அடக்கினார், எந்த இடத்தில் அடக்கினார், அவர் அடக்கியது நமக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சொல் என்னவோ நல்ல சொல்தான். கச்சேரி மேடையிலிருந்து வந்தது. பாடகர் சவுக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒரு கீர்த்தனையைப் பாடும்போது மிருதங்கக்காரர் தன் கைவேகத்தையெல்லாம் காட்டமாட்டார். அதற்காக அவர் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே தொட வேண்டுமோ அங்கே மட்டும் தொடுவார். கேட்டுப் பழகியவர்கள் அவர் தனியாக வாசித்துக் காட்டும் தனி ஆவர்த்தனத்தைவிட இந்த இடத்துக்குத்தான் தலையை ஆட்டுவார்கள். சினிமாவில் அந்த மாதிரி தலையாட்டுவதற்கு நம்மிடம் சொற்கள் போதவில்லை. பெரிய பட நிறுவனங்களைச் சாராமல் எடுக்கப்படும் இந்திய சுயாதீனப் படங்களின் மிகச் சிறந்த நடிப்பெல்லாம் அந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது என்பதால் இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஒரு காட்சியைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசு வாங்கியது. 1994இல் ஷாஜி என். கருணின் ‘ஸ்வம்’ போனதற்குப் பிறகு, முப்பது வருடம் கழித்து கானின் பிரதான போட்டிப் பிரிவுக்குள் நுழைந்த இந்தியப் படம் அது. அதில் பிரபா மும்பையில் ஒரு மருத்துவமனையில் மூத்த நர்ஸ். கல்யாணம் ஆன கையோடு கணவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். போன் வந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள் ஒரு பார்சல் வருகிறது. உள்ளே கடிதம் இல்லை, பெயர் இல்லை. புத்தம்புதிய சிவப்பு ரைஸ் குக்கர் ஒன்று, ஜெர்மனியில் செய்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். அப்புறம் ஒரு இரவு, தனியாகத் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைத் தன் பக்கம் இழுத்து, உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள்.

வசனம் கிடையாது. கதறல் கிடையாது. பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி இந்தக் காட்சியில் செய்ததைப் பட்டியல் போட்டால் ஒரு வரிகூடத் தேறாது. ஆனாலும் அந்தப் பிடியைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. ஏன்? அதற்கு முன்னால் அதே கைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவை ஆஸ்பத்திரிக் கைகள். நோயாளியைத் தொடும், புரட்டும், துடைக்கும். எல்லாம் வேலைக்கான தொடுகை. தனக்காக எதையும் யாரையும் தொடாத கைகள் முதல்முறை தனக்காக ஒன்றைத் தொடுகின்றன, அதுவும் ஒரு பாத்திரத்தை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்டிப்பான அக்காவாக அதுவரை நடமாடியதெல்லாம் இந்த ஒரு பிடிக்கான முன்வேலை. இரவில் இந்தக் காட்சியை மட்டும் வெட்டி யாராவது போனில் அனுப்பினால், ஒரு பெண் குக்கரைக் கட்டிப்பிடிக்கிறாள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். உரத்த நடிப்பு ஒரு காட்சிக்குள் முழுமையடைந்துவிடும். அடங்கிய நடிப்பு ஒரு காட்சியில் முடிவதில்லை. படத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு சின்னச் செயல்களை வைத்துவிட்டு, நடுவில் உள்ள வித்தியாசத்தை நம்மிடம் விட்டுவிடும். அதனால் அதைப் பாராட்டுவதற்குக் கண் மட்டும் போதாது, ஞாபகமும் வேண்டும். முன்னால் அவர் இதை எப்படிச் செய்தார், இப்போது எப்படிச் செய்கிறார் என்று ஒப்பிட்டு எழுதாத விமர்சனம், எத்தனை புகழ்ந்தாலும், நடிகர் செய்ததைத் தொடாமலே போய்விடுகிறது.

ரித்தேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ (2013) இதற்குப் பாடம் மாதிரியான படம். அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யும் சேர்ந்து தயாரித்தது. வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுசேர்க்கும் மும்பை டப்பாவாலாக்கள் மாற்றிக் கொடுத்துவிட்ட ஒரு கேரியரால், மனைவியை இழந்த கணக்கர் சாஜன் ஃபெர்னாண்டஸும் இளா என்கிற குடும்பப் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். சாஜனாக வரும் இர்ஃபான் கான் படம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வது ஒரே வேலை: அலுவலக கேன்டீனில் உட்கார்ந்து கேரியரைத் திறப்பது. முதல் நாள் மூடியைத் திறந்து வாசனை பார்ப்பதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. போகப்போக அந்தத் திறப்புக்கு ஒரு காத்திருப்பு வந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் இருவரும் ஒரு ஹோட்டலில் சந்திப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். இளா வந்து காத்திருக்கிறாள். அவர் வருவதில்லை. மறுநாள் கேரியர் வருகிறது. ஒவ்வொரு அடுக்காகத் திறக்கிறார். எல்லாம் காலி.

அதே கை, அதே மூடி, அதே மேசை. முதல் நாள் திறந்ததைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே இந்தக் காலி அடுக்கின் கனம் தெரியும். அப்புறம் வரும் கடிதத்தில்தான் அவர் அன்றைக்கு அந்த ஹோட்டலுக்கு வந்திருந்தார், இளாவைப் பார்த்தார், கிட்டே போகவில்லை என்று நமக்குத் தெரிகிறது. அன்று காலையில் குளியலறையில் தன் தாத்தாவின் வாசனை அடித்ததாகவும், அது தன்னுடைய வாசனைதான் என்று புரிந்ததாகவும் எழுதுகிறார். வயதாகிவிட்டது என்பதை இர்ஃபான் கூன் போட்டோ, கை நடுங்கியோ காட்டவில்லை. குரலில் ஒரு தளர்ச்சி, அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இர்ஃபானின் அமைதி காதில் விழுவதற்குக் காரணம் பக்கத்தில் நவாஸுதீன் சித்திக் இருக்கிறார். அவர் நடித்த ஷேக், கூப்பிடாமலே வந்து உட்காருவான், கேட்காமலே பேசுவான், ரயிலில் ஆபீஸ் ஃபைலை மடியில் வைத்துக் காய்கறி நறுக்குவான். அந்தச் சளசளப்பு இல்லாமல் இந்த மௌனம் வெறும் மௌனமாகவே கிடந்திருக்கும். அடங்கி நடிக்கிறவருக்கு எதிரில் நிற்பவரும் பாதி வேலை செய்கிறார். நம் விமர்சனத்தில் நடிகர்களைத் தனித்தனியாக வரிசையில் நிறுத்தி மார்க் போடுவதால் இது தெரிவதே இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டு விழாக்களிலிருந்து வந்த ரசனை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்கள் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்ட வேண்டும். நகை, அழுகை, இளிவரல் என்று தொடங்கும் எட்டு மெய்ப்பாடுகளை, உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரியும் விதங்களை, எல்லோரும் படித்திருப்போம். அதைத் தாண்டிப் போனால், காதல் அரும்பும்போது உடம்பில் என்ன தெரியும் என்று ஒரு சூத்திரம் வருகிறது. ‘புகுமுகம் புரிதல், பொறிநுதல் வியர்த்தல், நகுநயம் மறைத்தல், சிதைவு பிறர்க்கு இன்மை.’ கடைசி இரண்டையும் பாருங்கள். சிரிப்பு வருகிறது, அதை மறைக்கிறாள். உள்ளே குலைந்து போயிருக்கிறாள், அது பிறருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள். மறைப்பதையே ஒரு மெய்ப்பாடாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். உணர்ச்சியைக் காட்டுவது ஒரு செயல் என்றால் அதைக் காட்டாமல் வைத்துக்கொள்வதும் உடம்பு செய்கிற ஒரு செயல்தான், அதையும் பார்க்க முடியும் என்று தெரிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. மேடை நாடகம் என்றால் மிகை, சினிமா என்றால் இயல்பு என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். உண்மையில் இந்தியாவில் இந்த அடங்கிய நடிப்பைக் கொண்டுவந்தவர்களில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) கூனிக் குறுகி நடக்கும் இந்திர் பாட்டியை நினைத்துப் பாருங்கள். கிராமத்துக் கிழவி ஒருத்தியை அப்படியே பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சுனிபாலா தேவி பழைய நாடக நடிகை. படத்தில் நடித்தபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. ஒரு நாளைக்கு 20 ரூபாய் சம்பளம். முந்தைய ஷாட்டில் எந்தக் கை நனைந்திருந்தது, மூட்டை எந்தக் கையில் இருந்தது என்பதையெல்லாம் அவரே நினைவு வைத்துக் கேட்பார் என்று ரே பதிவு செய்திருக்கிறார். எண்பது வயதில், பல மாத இடைவெளிகளோடு நடந்த படப்பிடிப்பில், கை நனைந்திருந்ததை நினைவில் வைத்திருப்பவர் தன் தொழிலை நன்றாக அறிந்தவர். படம் திரைக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

நம் பக்கத்தில் சொக்கலிங்க பாகவதர். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), அதற்கடுத்து ‘சந்தியா ராகம்’. அவரும் நாடக மேடையில் வளர்ந்தவர்தான். ‘வீடு’ படத்தில் கடன் வாங்கிக் கட்டும் வீடு பாதியில் நிற்கிறது. அதைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத சுவர்களுக்கு நடுவே நடந்து, அறை அறையாகப் போய், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அந்தப் பெரியவரின் கடைசிப் பயணம் அது. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது, அது நியாயமான விருது. ஆனால் படம் பார்த்து எத்தனையோ வருடம் கழித்தும் எனக்குள் இருப்பது அந்த உள்ளங்கை. கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்துப் பழகிய ஒருவர், ஒரு செங்கல் சுவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறார். அதிகம் தெரிந்தவரால்தான் குறைக்க முடியும்.

வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ‘கொடியேற்றம்’ (1977) படத்துக்குத் தேசிய விருது வாங்கிய கோபி நாடகக்காரர். ஓம் புரி, இர்ஃபான் கான் இருவரும் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர்கள். கனி குஸ்ருதி பாரிஸில் ழாக் லெகோக் நாடகப் பள்ளியில் உடல் மொழியைப் பயின்றவர். கோவிந்த் நிஹலானியின் ‘ஆக்ரோஷ்’ (1980) படத்தில் ஓம் புரிக்கு, தன்னைக் காப்பாற்ற வந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத பழங்குடிக் கைதி வேடம். கண்கள் மட்டும்தான். வழக்கறிஞர் கெஞ்சுகிறார், கோபப்படுகிறார், பதில் இல்லை. கடைசியில் தகப்பனின் சிதைக்குப் பக்கத்தில் அவன் அலறும்போது, இத்தனை நேரமும் அவன் எதைப் பல்லைக் கடித்து வைத்திருந்தான் என்பது நமக்கு ஒரே அடியில் விளங்குகிறது. அந்த அலறல் உரத்த நடிப்புதான். அதற்குக் கனம் கொடுப்பது முந்தைய இரண்டு மணி நேர மௌனம்.

சிவாஜியைக் குறைத்துச் சொல்வதற்குத்தான் இந்தப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய அளவில் நடிப்பது வேறொரு மரபு, அதற்கென்று இலக்கணம் உண்டு, அதைச் சரியாகச் செய்ய ஒரு மேதை வேண்டும். ‘முதல் மரியாதை’யில் அவரே எவ்வளவு குறைத்தார் என்பதைத் தமிழர்கள் வீட்டுக்கு வீடு பேசியிருக்கிறோம். அதை ரசிக்கத் தெரிந்த நமக்கு இதையும் ரசிக்க முடியும்.

சரி, சுயாதீனப் படங்களில் மட்டும் இது ஏன் இவ்வளவு வளர்ந்தது? பணம் ஒரு காரணம். 1960இல் தொடங்கிய, அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடன் கொடுத்து, மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969) போன்ற படங்கள் வந்தபோது, நட்சத்திரமும் பாட்டும் இல்லாமல் ஒரு மனிதனின் முகத்தை நம்பிப் படம் எடுக்கலாம் என்று ஒரு வழி திறந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒலி என்று நினைக்கிறேன். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பல பத்தாண்டுகளாக நம் படங்கள் படப்பிடிப்பில் பதிவான குரலைப் பயன்படுத்தவில்லை. அங்கே ஜெனரேட்டர் ஓடும், இயக்குநர் ஷாட் நடக்கும்போதே சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார், கூட்டம் வேடிக்கை பார்க்கும். மாதக்கணக்கில் கழித்து டப்பிங் தியேட்டரில், குளிரூட்டிய இருட்டு அறையில், காதில் ஹெட்போனோடு நின்று, திரையில் அசையும் தன் உதட்டைப் பார்த்து நடிகர் மறுபடி பேசுவார். பல நேரம் வேறொருவர் பேசுவார். உதட்டுக்கு வார்த்தை பொருந்திவிடும். ஆனால் பேசுவதற்கு முன்னால் இழுத்த மூச்சு, வாய்வரை வந்து திரும்பிப்போன சொல், எச்சில் விழுங்கியது, இதெல்லாம் திரும்பி வராது. அடங்கி நடிப்பவர் வாழ்வதே அந்த மூச்சில்தான். அதனால் டப்பிங் மரபு, நடிகர்களை முகத்தால் அதிகம் சொல்லும்படி தள்ளியது. மூச்சுக்குப் பதிலாகப் புருவம் வேலை செய்தது. மிச்சத்தைப் பின்னணி இசை சொன்னது.

2000இல் ‘ஹே ராம்’, 2001இல் ‘லகான்’ என்று படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவு செய்யும் முறை பெரிய படங்களிலும் பேசப்படத் தொடங்கியது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. பிலிம் சுருள் தீர்கிறதே என்ற பயம் போய், ஒரே காட்சியை நீளமாக, பல தடவை எடுக்க முடிந்தது. இரண்டும் சேர்ந்தபோது சிறிய நடிப்பைப் பதிவு செய்ய ஒரு கருவி கிடைத்த மாதிரி ஆனது.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் (2024) பின்னணி இசையே கிடையாது. சூரி யார்? 2009இல் ஒரு புரோட்டாக் காட்சியால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர். வேகமான வாய்தான் அவருடைய கருவி. இந்தப் படத்தில் வினோத்ராஜ் அந்தக் கருவியைப் பிடுங்கிக்கொண்டார். சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில், பேசவே சிரமப்படுகிற மனிதனாகப் படம் முழுக்க வருகிறார். எதிரில் அன்னா பென் நடித்த மீனா கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பேச முடியாத ஆணும் பேச மறுக்கிற பெண்ணும், சுற்றிலும் ஓயாமல் பேசும் உறவுக்கூட்டம், ஒரு ஷேர் ஆட்டோ. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அதற்குத்தான் பாண்டி வெடிக்கிறான். படம் முழுக்க இறுக்கி மூடிய வாய் ஒரு பாட்டுக்காக லேசாக அசைந்தது ஒரு கலகம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தியேட்டரில் பொறுமை இழந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ‘அன்னா பென்னுக்கு நடிக்க வாய்ப்பில்லை’ என்ற பேச்சு என் காதில் விழுந்தபோது வருத்தமாக இருந்தது. அந்த வாய் மூடியிருந்த விதத்தை ஒருவரும் பார்க்கவில்லையா?

அதே இயக்குநரின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அதில் அப்பா கணபதியாக வரும் கருத்தடையான் கத்துகிறார், அடிக்கிறார், வெயிலில் பீடி குடித்தபடி நடக்கிறார். சத்தத்தை வைத்துப் பார்த்தால் இது அடங்கிய நடிப்பே இல்லை. ஆனால் ஒரு இடத்தில்கூட நம்மிடம் பரிதாபத்தையோ மன்னிப்பையோ அவர் கேட்பதில்லை. அடக்கம் என்பது சத்தத்தின் அளவு இல்லை, பார்வையாளரிடம் எதையும் யாசிக்காமல் இருப்பது. மகன் வேலுவாக நடித்த சிறுவனுக்கும் இதையே சொல்லலாம். தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீடு வந்து அதை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. அந்தப் பிள்ளை அதைச் சாதாரணமாக, தினப்படி வேலை மாதிரி வைக்கிறான். கொஞ்சம் சோகமாக வைத்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

இங்கேதான் ‘வாழ்ந்திருக்கிறார்’ என்ற சொல்லின் ஆபத்து முழுசாகத் தெரிகிறது. தொழில்முறை நடிகர் இல்லாத ஒருவர் நன்றாகச் செய்துவிட்டால், அவர் அப்படித்தானே இருப்பார், அதில் நடிப்பு என்ன இருக்கிறது என்று முடித்துவிடுகிறோம். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யில் (2022) மாயாண்டியாக நடித்த நல்லாண்டி, கிராமத்துப் பெரியவர். படம் வெளியாவதைப் பார்க்காமலே காலமானார். 69ஆவது தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. மாயாண்டிக்குக் காது மந்தம். யாராவது ஏதாவது சொன்னால், அது அவர் காதில் விழுந்து, புரிந்து, பதில் வருவதற்குள் ஒரு இடைவெளி இருக்கும். வயலில் அந்த இடைவெளி ஒரு அமைதி. மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் கோர்ட்டில் நிற்கும்போது அதே இடைவெளி ஒரு தர்மசங்கடம், சில நொடிகளில் சிரிப்பு, சில நொடிகளில் நீதிபதிக்கே ஒரு கேள்வி. கேஸைப் பற்றிக் கேட்டால் அவர் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்கிறார். அவர் நிஜத்தில் விவசாயம் தெரிந்தவராக இருக்கலாம். அதற்காகக் கேமரா முன்னால், விளக்குகளுக்கு நடுவே, சொன்ன இடத்தில் நின்று, அந்த இடைவெளியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது சும்மா வந்துவிடுமா? கல்யாண வீடியோக்காரர் கேமராவைத் திருப்பினாலே நம் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறோம்.

சைதன்ய தம்ஹானேயின் ‘கோர்ட்’ (2014) இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த படம். வெனிஸ் திரைப்பட விழாவில் ஒரிசோன்டி பிரிவின் சிறந்த படம், அப்புறம் தேசிய விருதில் அந்த ஆண்டின் சிறந்த திரைப்படம். பாட்டுப் பாடி ஒரு துப்புரவுத் தொழிலாளியைத் தற்கொலைக்குத் தூண்டினார் என்று கைதாகும் நாட்டுப்புறப் பாடகர் நாராயண் காம்ப்ளேவாக நடித்த வீரா சாத்திதார் நாக்பூரைச் சேர்ந்த சமூகச் செயற்பாட்டாளர், 2021இல் கொரோனாவில் மறைந்தார். பெரும்பாலான முகங்கள் நடிப்புக்குப் புதியவை. அவர்களுக்கு நடுவில் அரசு வழக்கறிஞராக கீதாஞ்சலி குல்கர்ணி, பயிற்சி பெற்ற நாடக நடிகை. யார் தொழில்முறை, யார் புதியவர் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கோர்ட்டில் அவர் சட்டப் பிரிவுகளைப் படிக்கிற குரலைக் கேளுங்கள். ரேஷன் கடையில் பட்டியல் வாசிக்கிற ஏற்ற இறக்கம். ஒரு மனிதனை வருடக்கணக்கில் சிறையில் வைக்கிற வாதம் அந்தக் குரலில் வருகிறது. பிறகு கேமரா அவரோடு மின்சார ரயிலில் போகிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது, அடுப்படியில் நிற்கிறது. நல்ல அம்மா, களைத்துப்போன மனைவி, சாதாரணமான பெண்மணி. அவரை வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வில்லியாகக் காட்ட ஒரு முகச்சுளிப்பு போதுமாயிருக்கும். அந்த ஒன்றை அவர் கொடுக்கவில்லை. படத்தில் கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கும், நகராது, கிட்டப்போய் முகத்தைக் காட்டாது. அதனால் நடிகருக்கு ஒளிய இடமில்லை, தள்ளிக்கொண்டு போக இசையும் இல்லை.

எல்லா அமைதியும் நல்ல அமைதி என்று நான் சொல்லவில்லை. விழாக்களுக்கென்றே ஒரு பாணி உருவாகிவிட்டது. வெறித்த பார்வை, ஜன்னலோரம், நீண்ட ஷாட். ஒன்றும் செய்யாததற்கும் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு செய்யாமல் இருப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, முதலில் சொன்ன ஞாபகம்தான் உதவும். படத்தின் தொடக்கத்தில் இருந்த முகமும் கடைசியில் இருக்கும் முகமும் ஒன்றாகவே இருந்தால், நடுவில் நடந்த எதுவும் நடிகரைத் தொடவில்லை. அது மரக்கட்டை. அதை அடங்கிய நடிப்பு என்று புகழ்வது உண்மையில் உழைத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

சப்டைட்டிலும் நம் ரசனையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. விழாவில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு நடுவருக்கு மேலூர்ப் பக்கத்துப் பேச்சின் இழுவை கேட்காது, வார்த்தை அடியில் ஓடும் எழுத்தாகத்தான் போகும். மௌனம் மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமல் போய்ச் சேரும். அதனால் பேசாத நடிப்புக்கு வெளியே கிடைக்கும் மதிப்பு, பேச்சில் நுணுக்கம் செய்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. ‘காக்கா முட்டை’யில் (2015) அந்தப் பாட்டியும் பிள்ளைகளும் ஐஸ்வர்யா ராஜேஷும் பேசிக்கொள்வதில் உள்ள சென்னைத்தமிழின் சிக்கனத்தை ரசிக்க நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அதைப் பற்றித் தமிழில் நாம்தான் எழுத வேண்டும்.

இந்த ஒப்பிடும் பழக்கத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘மதிலுகள்’ (1990). சிறையில் இருக்கும் எழுத்தாளர் பஷீராக மம்மூட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை, அங்கே நாராயணி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. நாராயணி திரையில் வருவதே இல்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். முகமும் கையும் இல்லாமல், ஒரு நடிகை வெறும் மூச்சாலும் சிரிப்பாலும் ஒரு முழுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மம்மூட்டிக்கு எதிரில் நடிக்க ஒரு சுவர் மட்டும். பேசுவதைவிடக் கேட்பதில்தான் அவருடைய நடிப்பு இருக்கிறது. நாராயணி வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எறியப்படும் ஒரு காய்ந்த சுள்ளி. அது மேலே எழும்பி விழும் ஒவ்வொரு முறையும் அவர் மதிலை நோக்கிப் போகிற நடையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். பார்த்து முடித்ததும், முதல் தடவை போன நடைக்கும் பிறகு போன நடைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிப் பாருங்கள்.